பாத்ரூமைத் திருத்துவதா, முழுதாக உடைத்துக் கட்டுவதா?

கொக்குவில்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கன நாளாக முடிவெடுக்க முடியாமல் இழுபடுகிற ஒரு அலுவல், அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில். அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புக் கல் வீடு. முந்தி எல்லார் வீட்டையும்போலக் கக்கூஸ் வளவுக் கோடியில், குளிப்பு கிணற்றடியில். 2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்து சீமெந்தும் சாமானும் தாராளமாக வரத் தொடங்கிய பிறகுதான் அப்பா தன் அறையோடு ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டுவித்தார். எட்டடிக்கு ஆறடி. தளத்துக்கு ரைல்ஸ், சுவரில் ஐந்தடி உயரத்துக்கு வெள்ளை ரைல்ஸ், கொமட், பேசின், மூலையில் சவர். கீசர் பிறகு பூட்டியது.

இப்போது சவர் மூலைக்குப் பின்பக்கம், அதாவது அறைக்குள் இருக்கும் சுவர், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஈரம் ஊறிக்கொண்டே இருக்கிறது. பெயின்ற் உரிகிறது, வெள்ளையாக உப்புப் பூக்கிறது. மேசனைப் பிடித்துச் சுரண்டிப் பூசினோம், திரும்ப வந்தது. பிறகும் பூசினோம், பிறகும் வந்தது. தளத்தில் சில ரைல்ஸைத் தட்டினால் வெறுஞ்சத்தம் கேட்கிறது. கொமட்டின் சிஸ்ரேண், அதாவது ஃப்ளஷ் தாங்கி, நெடுகத் தண்ணீர் இழுக்கிறது. சவரில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. மாரி காலத்தில் கொமட் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் நோ, போன மாதம் குளிக்கப் போய் வழுக்கி, பேசினைப் பிடித்ததால் தப்பினார். எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகச் செய்ய ஏழரை இலட்சம் சொல்கிறார். மற்றவர் உடைக்கவே தேவையில்லை, பழைய ரைல்ஸுக்கு மேலேயே புது ரைல்ஸ் ஒட்டி, பைப் சாமான்களை மாற்றித் தருகிறேன், ஒன்றரை இலட்சத்துக்குள் முடியும் என்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி, உடைத்துக் கட்டு, காசு அனுப்புகிறேன் என்கிறான். அம்மா, அப்பா ஆசையாகக் கட்டினது, நல்ல ரைல்ஸை ஏன் உடைக்கிறீர்கள் என்கிறார். இரண்டு பக்கமும் நியாயம் போலத்தான் இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

நல்லூர் வடக்கு எழுதியது:

நான் என்றால் திருத்துவேன் அக்கா. எங்கள் வீட்டிலும் சிஸ்ரேண் இழுத்தது, டாப் எல்லாம் ஒழுகியது, ரைல்ஸ் இடுக்குகள் கறுத்துப் போயிருந்தன. சிஸ்ரேணின் உள் சாமானை மாற்றி, டாப் மாற்றி, இடுக்குகளைச் சுரண்டிப் புதிதாகக் கிறவுட் போட்டோம். வருடங்கள் போய்விட்டன, ஒரு சோலியும் இல்லை. கொமட் வெடிக்கவில்லை, பேசின் வெடிக்கவில்லை என்றால் அவற்றை எறிய ஒரு காரணமும் இல்லை. 2022 க்குப் பிறகு சாமான் விலை எப்படி ஏறினது என்று உங்களுக்கும் தெரியும்தானே.

வடமராட்சி மேசன் எழுதியது:

தங்கச்சி, மேலே நல்லூர்த் தம்பி சொன்னது அவர் வீட்டுக்குச் சரி. அங்கே பிழை எல்லாம் ரைல்ஸுக்கு மேலே. உங்கள் வீட்டில் அறைச் சுவர் நனைகிறது, அது வேறு கதை. ரைல்ஸ் பழசா புதிதா, வடிவா வடிவில்லையா என்பதை வைத்து இந்த முடிவை எடுக்கவே கூடாது. தண்ணீர் எதற்குள்ளே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், முடிவு தானாக வரும்.

கனபேர் ரைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறார்கள். ரைல் தடுக்கும், ரைலுக்கும் ரைலுக்கும் இடையில் இருக்கிற இடுக்கு தடுக்காது. அது சீமெந்துதான், தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை மறிப்பது ரைல்ஸுக்குக் கீழே பூசுகிற வோட்டர் புரூஃப் பூச்சு. அந்தக் காலத்தில் இங்கே கட்டின பாத்ரூம்களில் நான் உடைத்துப் பார்த்த அளவுக்கு அந்தப் பூச்சைக் காண்பதே அருமை, கொங்கிரீட்டுக்கு மேலே சீமெந்துப் பாலை ஊற்றி ரைலை வைத்து விட்டிருப்பார்கள். இடுக்கு நல்லாக இருக்கும்வரை தெரியாது. எங்கள் ஊரில் அந்த இடுக்கைக் கெடுப்பது என்ன தெரியுமா, அசிட். கிணற்றுத் தண்ணீர்க் காவி, கல் படிவு போகட்டும் என்று கிழமைக்குக் கிழமை அசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். ரைல் பளபளக்கும், ஆனால் அசிட் சீமெந்தைத் தின்னும், இடுக்கு மெல்ல மெல்லப் பள்ளமாகும், தண்ணீர் கீழே இறங்கும். (அசிட்டையும் குளோரினையும் ஒன்றாக ஒருபோதும் ஊற்றாதீர்கள், வருகிற வாயு ஆளைக் கொல்லும்.)

அறைச் சுவரைச் சுரண்டிப் பூசினது ஏன் நிற்கவில்லை என்றால், தண்ணீர் கல்லிலும் சாந்திலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பூச்சில் வந்து காயும்போது உப்பு அங்கேயே பளிங்காகி, பூச்சைப் பிதுக்கித் தள்ளுகிறது. நனைகிற சுவருக்கு எத்தனை தரம் பூசினாலும் அதுதான் நடக்கும். உங்கள் வீடு சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், அந்தச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுப் பழகினது, அதற்கு மேலே சீமெந்து பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று இன்னும் மேலே ஏறும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். கரையோரத்து மணலைக் கழுவாமல் கலவைக்குப் போட்டிருந்தால், ஒழுக்கே இல்லாமலும் சுவர் மழைக்காலக் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் கசியும். அதைப் பிரித்தறிய வழி இருக்கிறது: பங்குனி, சித்திரை வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்ததா? மாரியில் மட்டும் வந்து கோடையில் காய்ந்தால் அது வேறு. வருடம் முழுக்க இருந்தால் பாத்ரூம் தண்ணீர்தான்.

இப்போது செய்ய வேண்டியது. ஒரு இரவு எல்லா டாப்பையும் பூட்டிவிட்டு, மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றாமல், தாங்கியில் தண்ணீர் நிற்கிற மட்டத்தை அடையாளம் பண்ணுங்கள். சிஸ்ரேணுக்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் வால்வையும் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது இழுப்பது கணக்கைக் குழப்பும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் போகிற பைப்பில் ஒழுக்கு. இறங்காவிட்டால் அடுத்தது தளம். வடிகால் வாயைத் துணியும் பொலித்தீனும் வைத்து இறுக்கி அடைத்து, ஒரு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணித்தியாலம் ஒருவரும் போகாமல் விடுங்கள். வெயில் காலத்தில் கொஞ்சம் ஆவியாகும், அதைப் பார்க்க பாத்ரூமுக்குள்ளேயே ஒரு சட்டியிலும் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். தளத்துத் தண்ணீர் அதைவிடக் கனக்க இறங்கினால் தளம் குடிக்கிறது. இறங்கவில்லை, ஆனால் அடைப்பை எடுத்து ஓடவிட்ட பிறகு சுவர் நனைகிறது என்றால் வடிகால் பைப்தான் வெடித்திருக்கிறது. சிஸ்ரேணுக்குள் கொஞ்சம் கேசரிக் கலர் போட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள், கோப்பைக்குள் நிறம் வந்தால் உள் ரப்பர் போய்விட்டது. அது சின்ன அலுவல்.

ரைல்ஸுக்கு மேல் ரைல்ஸ் ஒட்டுகிற கதையை மட்டும் விடுங்கள். கீழே வெறுஞ்சத்தம் கேட்கிற ரைல் பிடிப்பே இல்லாதது, அதற்கு மேல் ஒட்டுவது எதில் நிற்கும்? தளமும் அரை அங்குலத்துக்கு மேலே உயரும், கதவு அடியைச் சீவ வேண்டும், வடிகால் வாய் பள்ளத்தில் போகும், உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயே இருக்கும். ஒன்றரை இலட்சம் கொடுத்து அறைச் சுவரில் அதே உப்பைத்தான் பார்ப்பீர்கள்.

இணுவில் பைப் எழுதியது:

மேசன் அண்ணை சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள் அக்கா. அதோடு ஒரு கேள்வி: கீசர் பிறகு பூட்டினது என்றீர்கள், சுடுதண்ணீர் லைனுக்கு என்ன பைப் போட்டார்கள்? சாதாரண பிவிசி பைப் சுடுதண்ணீருக்கு இல்லை. 60 பாகைக்குக் கிட்ட வந்தால் இளகத் தொடங்கும், மூட்டுகள் விடும். சிபிவிசி அல்லது பிபிஆர் பைப்தான் போட வேண்டும். சுவர் நனைவதும் சவர் மூலை, கீசரும் அந்தப் பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

சவர் நூலாக வருவதற்கு உடைக்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைக் கல் சவர் ஓட்டைகளிலும் டாப்பின் வலையிலும் படியும். சவர்த் தலையைக் கழற்றி ஒரு இரவு வினாகிரியில் ஊறப்போடுங்கள். அதன் பிறகும் நூலாக வந்தால்தான் பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பழைய ஜிஐ பைப், அதாவது நாகம் பூசின இரும்புப் பைப், ஒரு துண்டாவது இருந்தால் உள்ளே கறள் பிடித்து ஓட்டை சுருங்கியிருக்கும்.

புதுச் சாமான் வாங்குவதாக இருந்தால், ஸ்ரான்லி வீதிக் கடைகளில் காட்டுகிற அகலமான மழைச் சவரைப் பார்த்து மயங்க வேண்டாம். மேல் தாங்கி சவரிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கிற அமுக்கம் 0.3 பார்தான். அந்தச் சவர்களில் கனவற்றுக்கு அது காணாது, அமுக்க மோட்டர் தனியாகப் பூட்ட வேண்டி வரும். சின்னத் தலை, கழற்றிக் கழுவக் கூடியது, அதுதான் எங்கள் தண்ணீருக்கு நல்லது.

கீசர் லைனில் ட்ரிப் சுவிச், அதாவது மின் கசிந்தால் தானாக விழுகிற சுவிச், இருக்கிறதா என்றும் பாருங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், ஒழுங்கான எர்த், இரண்டும் இல்லாமல் நனைகிற சுவரில் கீசர் ஓடுவது ஆபத்து. சுவர் காயும்வரை அதை நிறுத்தி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஸ்காபரோ தம்பி எழுதியது:

நானும் உங்கள் தம்பியைப்போல வெளியில் இருந்து காசு அனுப்புகிற ஆள், அதனால் அவர் பக்கமும் சொல்கிறேன். நாங்கள் உடை என்று சொல்வது ஆடம்பரத்துக்கு இல்லை. அம்மா விழுந்தால் ஓடிவர முடியாத தூரத்தில் இருக்கிறோம், அந்தப் பயம். இன்றைக்கு ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று துண்டு துண்டாகத் திருத்தினால் ஒவ்வொரு தரமும் ஆள் தேட வேண்டும், அம்மா தூசுக்குள் இருக்க வேண்டும். ஒரேயடியாகச் செய்துவிட்டால் நிம்மதி. ஆனால் ஒன்று, ஆடி ஆவணியில் தொடங்காதீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் எல்லாம் வந்து நிற்கும், எல்லாருக்கும் அந்த நேரத்தில்தான் வீட்டு வேலை, நல்ல மேசன் கிடைக்க மாட்டார்.

சுண்டுக்குளி அன்ரி எழுதியது:

பிள்ளை, நீங்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் அம்மாவைப் பற்றிக் கதைக்கிறேன். என் மாமியாரைக் கடைசிவரை பார்த்தவள் நான், அதனால் சொல்கிறேன்: வேலை எப்போது தொடங்கினாலும் சரி, கைபிடியும் ரப்பர்ப் பாயும் இந்தக் கிழமையே வர வேண்டும். பேசினைப் பிடித்துத் தப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். பேசின் ஆளின் பாரத்தைத் தாங்கக் கட்டினது இல்லை, அடுத்த முறை அதுவும் கழன்று வரும்.

பெரிய வேலை செய்வதாக முடிவெடுத்தால் இவற்றை முதலே சொல்லிவிடுங்கள், பிறகு சேர்க்க முடியாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தால், உள்ளே திறக்கிற கதவைத் தள்ளித் திறக்க முடியாது. கதவகலம் சக்கர நாற்காலி போகிற அளவுக்கு இருக்கட்டும், இன்றைக்குத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் வீடுகளில் பாத்ரூமுக்குள் இறங்க ஒரு படி வைப்பார்கள், அதுதான் இரவில் ஆளை விழுத்துவது. அதைச் சரிவாக்கச் சொல்லுங்கள். கொமட்டின் இருக்கை 17, 18 அங்குல உயரம் இருந்தால் முழங்கால் நோ உள்ளவர்கள் எழும்பச் சுகம். தளத்துக்குப் பளபளப்பான ரைல்ஸ் வேண்டவே வேண்டாம், சுரசுரப்பான சின்ன ரைல்ஸ் போடுங்கள். சவர்க்காரத் தண்ணீரை ஊற்றிக் கால் வைத்துப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம்.

கைபிடி பூட்டுகிற இடத்தில் கல் திடமாக இருக்கிறதா என்று மேசனைக் கேளுங்கள். நல்ல துருப்பிடிக்காத ஸ்ரீல், 304 என்று கேட்டு வாங்குங்கள். மலிவானது எங்கள் உப்புத் தண்ணீருக்குக் கெதியாகக் கறள் பிடிக்கும்.

கொக்குவில்காரி எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. அன்ரி, கைபிடி அடுத்த நாளே வாங்கிக் கொமட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பூட்டிவிட்டோம், பாயும் போட்டாயிற்று. அம்மா இதுதான் முதலே செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னார்.

சோதனைகள் செய்தோம். தாங்கி மட்டம் ஒரு நூலும் இறங்கவில்லை. சிஸ்ரேணில் கலர் போட்டது கோப்பைக்குள் வந்துவிட்டது, ரப்பர் மாற்றினோம், இப்போது இழுக்கிறதில்லை. சவரை வினாகிரியில் போட்டதும் அரைவாசி திறந்துவிட்டது. பிறகு தளத்தில் தண்ணீர் கட்டினோம். அடுத்த நாள் பார்த்தால் அரை அங்குலத்துக்கு மேல் காணவில்லை, சட்டியில் வைத்த தண்ணீரில் மாற்றம் சொல்லும்படியாக இல்லை. அறைப் பக்கச் சுவரின் அடி கறுத்து வந்தது. கீசர் லைனும் சாதாரண வெள்ளைப் பிவிசிதான், இணுவில் தம்பி சொன்னது சரி. வெயில் காலத்திலும் அந்த ஈரம் இருந்தது என்று அம்மாவுக்கு நல்ல நினைவு.

அப்படியென்றால் ஏழரை இலட்சம் சொன்னவர்தான் சரியா? முழுதாக உடைக்கத்தான் வேண்டுமா, அல்லது நடுவில் ஒரு வழி இருக்கிறதா?

வடமராட்சி மேசன் எழுதியது:

இப்போது கதை தெளிவு. உங்கள் தளம் தண்ணீர் குடிக்கிறது, அதை மேலேயிருந்து திருத்த முடியாது. தளம் முழுதாக உடைய வேண்டும், அரைத் தளம் கால் தளம் என்று ஒன்று இல்லை, பூச்சு ஒரே துண்டாகத் தளத்திலிருந்து சுவருக்கு ஏற வேண்டும். அதனால் சுற்றிவர எல்லாச் சுவரிலும் கீழிருந்து ஒரு அடிக்காவது ரைல்ஸ் கழற்ற வேண்டும். சவர் மூலை இரண்டு சுவரும் முழுதாக, ஆறடி உயரத்துக்கு. சுடுதண்ணீர் லைன் மாற்றுவதற்கும் அந்த மூலையைத்தான் உடைக்க வேண்டி வரும், இரண்டும் ஒரே செலவில் முடியும்.

மிச்சம் இருப்பது பேசின் பக்கத்துச் சுவர், கதவுப் பக்கத்துச் சுவர். அங்கே மேல் வரிசைகளைத் தட்டிப் பாருங்கள். திடமான சத்தம் என்றால் விடுங்கள், அங்கே தண்ணீர் படுவதில்லை. இதுதான் நடுவழி, நான் உங்களுக்குச் சொல்வதும் இதுதான். அப்பா போட்ட ரைல்ஸில் ஒரு பகுதி அம்மாவின் கண்ணுக்கு முன்னால் இருக்கும், அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தக் காலத்து வெள்ளை இப்போது கிடைக்காது, எவ்வளவு தேடினாலும் நிறம் ஒத்து வராது. ஒத்து வரப் பார்க்காமல், கீழ் வரிசைக்கு வேண்டுமென்றே வேறு நிறம் போடுங்கள். வடிவாக இருக்கும். கொமட், பேசின் இரண்டையும் பக்குவமாகக் கழற்றித் திரும்ப வைக்கலாம், ஆனால் அம்மாவுக்கு உயரம் காணாது என்றால் கொமட்டை மட்டும் மாற்றுங்கள்.

செலவு ஏழரைக்குக் கீழே வரும், ஒன்றரையில் முடியாது. எவ்வளவு என்று நான் இங்கிருந்து சொல்வது சரியில்லை. முழுக் கொந்தராத்தாகக் கொடுக்காமல் சாமான் உங்களது, கூலி அவரது என்று பேசிப் பாருங்கள், கணக்குத் தெளிவாக இருக்கும். காசைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முக்கியமான கட்டம் ஒன்று: வோட்டர் புரூஃப் இரண்டு கை பூசி, முதல் கை ஒரு திசை, காய்ந்த பிறகு இரண்டாம் கை குறுக்கே, அதுவும் வடிவாகக் காய்ந்த பிறகு திரும்பவும் வடிகாலை அடைத்து 24 மணித்தியாலம் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். மட்டம் இறங்காவிட்டால்தான் ரைல்ஸ். அவசரம் என்று இதைத் தாண்ட விடாதீர்கள். கனபேர் இந்த இடத்தில்தான் தாண்டுவார்கள்.

தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, அடிக்குக் கால் அங்குலம் வடிகாலைப் பார்த்து இருக்கட்டும். ரைல்ஸ் போசலின் வகை என்றால் வெறும் சீமெந்துப் பாலில் பிடிக்காது, அது தண்ணீரே குடிக்காத ரைல், அதற்கான ரைல் பசை வாங்குங்கள். சவர் மூலையில் இடுக்குக்கு எபொக்சி கிறவுட் போட்டால் விலை கூட, ஆனால் அசிட்டுக்கும் அசையாது. அறைச் சுவரை இப்போதைக்குத் தொட வேண்டாம். உரிந்ததைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, அப்படியே காயவிடுங்கள். கல்லுச் சுவர் காய மாதக்கணக்கு ஆகும். காய்ந்த பிறகு சீமெந்தில்லாமல் சுண்ணாம்புச் சாந்தால் பூசுங்கள், அதற்கு மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்து அடைக்க வேண்டாம்.

நீர்வேலி எழுதியது:

ஒரு விஷயத்தை ஒருவரும் தொடவில்லை. மாரியில் கொமட் மெதுவாக இறங்குகிறது என்றீர்கள் அக்கா. அது பாத்ரூமின் பிழையாக இல்லாமல் கழிவுக் குழியின் பிழையாக இருக்கலாம். கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் மேலே வரும், உறிஞ்சு குழிக்குள் அந்தத் தண்ணீரே நிற்கும், பிறகு நீங்கள் விடுவது எங்கே போகும்? பாத்ரூமை ஏழரை இலட்சத்துக்குக் கட்டினாலும் அது மாறாது. கழிவுத் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள், நிரம்பியிருந்தால் கழிவு எடுக்கிற பவுசருக்கு உள்ளூராட்சி சபையில் சொல்லுங்கள். குளிக்கிற தண்ணீரும் அதே குழிக்குள் போகிறதா? போனால் பிரித்துவிடுங்கள். தளம் உடைக்கிற நேரம் அதற்கு நல்ல நேரம், சவர்த் தண்ணீரைத் தனிப் பைப்பில் வாழைப் பாத்திக்கு விடுங்கள், குழிக்குச் சுமை நல்லாகக் குறையும்.

கிணற்றுக்கும் குழிக்கும் எத்தனை அடி? 50 அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள், ஆனால் எங்கள் நிலம் வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக் கல், மண் வடிக்கிற மாதிரி அது வடிக்காது, கழிவு கெதியாகக் கிணற்றுக்கு வந்துவிடும். தொட்டியின் அடியும் பக்கமும் பூசி இறுக்கினதா, வெறும் கிடங்கா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் கிடங்கு என்றால் தம்பியின் காசில் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும், ரைல்ஸ் அதற்குப் பிறகு. புதிதாகக் குழி வெட்டுவதாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிக் கேளுங்கள். அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கொக்குவில்காரி எழுதியது:

நீர்வேலி அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தோம். தொட்டி பூசினதுதான், கிணறும் வளவின் மற்றப் பக்கம், நல்ல தூரம். ஆனால் குளிக்கிற தண்ணீர் அதற்குள்தான் போகிறது. பிரிக்கச் சொல்லிவிட்டேன். தம்பிக்கு இந்தக் கதை முழுவதையும் அனுப்பினேன், தளமும் சவர் மூலையும் என்று அவனும் ஒத்துக்கொண்டான், மிச்சக் காசைக் கதவை அகலமாக்கவும் படியை எடுக்கவும் பாவிக்கச் சொல்கிறான். முன்னர் வந்த இரண்டு பேரையும் விட்டு, அயலில் வேலை செய்கிற ஒரு மேசனைப் பேசியிருக்கிறோம், தண்ணீர் கட்டிப் பார்ப்பதற்கு அவர் உடனே ஓம் என்றார்.

கடைசிக் கேள்வி. வேலை நடக்கும்போது அம்மாவுக்கு என்ன செய்வது? வளவுக் கோடியில் பழைய கக்கூஸ் இருக்கிறது, ஆனால் அது குந்துகிற கக்கூஸ். முழங்காலோடு அவரால் முடியாது.

சுண்டுக்குளி அன்ரி எழுதியது:

நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரை மருந்துச் சாமான் கடைகளில் விற்கிறது பிள்ளை, அதைக் குந்துகிற கோப்பைக்கு மேலே வைத்தால் சரி. நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் நீங்கள் இருந்து பாருங்கள். போகிற பாதையில் ஒரு லைற் போடுங்கள், இரவுக்கு அறைக்குள்ளேயே அந்தக் கதிரையை வாளியோடு வைத்துவிடுங்கள். குளிப்புக்குக் கிணற்றடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் ஒரு மறைப்பும் போதும், அம்மாவுக்கு அது பழக்கமானதுதானே.

இணுவில் பைப் எழுதியது:

கொமட் மாற்றுவதாக இருந்தால் அக்கா, கடைக்குப் போக முதல் பழைய கொமட்டின் கழிவு வாய் சுவருக்குள் போகிறதா தரைக்குள் போகிறதா என்று பாருங்கள். தரைக்குள் என்றால் முடிந்த சுவரிலிருந்து பைப்பின் நடுவுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் வாங்கினது பொருந்தாது. இன்னும் ஒன்று: பைப் எல்லாம் போட்டு முடித்து மூடுவதற்கு முதல், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்துப் பிடித்து ஃபோனில் படம் எடுத்து வையுங்கள், தம்பிக்கும் அனுப்புங்கள். மற்றக் கைபிடிகளுக்கு ஓட்டை போடுகிற நாளில், பைப்பில் துளை விழாமல் இருக்க, அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.